மோரோவிண்டில் மறுபிறவி: நெரெவரைன் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எதைப் பற்றியவை?

பெதெஸ்டா நிறுவனத்தின் ‘த எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் மூன்றாவதாக 2002ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த மோரோவிண்ட் என்னும் கணினி விளையாட்டைப் பற்றியவை. அதில் கப்பலின் அடித்தளத்தில் கண் விழிக்கும் ஊர் பேர் தெரியாத கைதி ஒருவர், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் இறந்த எல்ஃப் தலைவர் ஒருவரின் மறுபிறவி என்று போகப்போகச் சொல்லப்படுகிறார். அது மெய்யா, அரசியல் சூழ்ச்சியா, ஒரு தேவதையின் விளையாட்டா என்று ரசிகர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடி வருகிறார்கள். அந்த வாதங்களில் அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுத முயன்றிருக்கிறேன். கதையின் முடிவும் மறைக்கப்படவில்லை என்பதால், இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் யோசித்துத் தொடரவும்.

நெரெவர் யார்?

இந்தோரில் நெரெவர், கைமர் என்ற எல்ஃப் இனத்தின் தலைவர். போர்க்காலத்தில் எல்லாக் குலங்களையும் ஒன்றாக நடத்துபவருக்கு அவர்கள் தரும் பட்டம் ஹோர்ட்டேட்டர். அவர் மனைவி அல்மலெக்ஸியா. ஆலோசகர்கள் சோத்தா சில், விவெக். நண்பர் வோரின் டாகோத். ட்வெமர் இனத்து அரசன் டூமக்கும் நெரெவரும் தோழர்களாக இருந்தவரை இரண்டு இனங்களும் அமைதியாக வாழ்ந்தன. பின்னர் சிவப்பு மலைக்கு அடியில், இறந்துபோன கடவுளான லோர்கானின் இதயத்தை ட்வெமர் கண்டெடுத்தார்கள் என்றும், காக்ரெனாக் என்ற அவர்களுடைய தலைமை வினைஞர் அதைக் கொண்டு பித்தளையில் ஒரு புதுக் கடவுளைச் செய்ய முனைகிறார் என்றும் செய்தி வந்தது. முதல் யுகத்தின் 700ஆம் ஆண்டில் சிவப்பு மலையில் போர் மூண்டது. போரின் முடிவில் ட்வெமர் இனம் முழுவதும் மறைந்துபோனது, நெரெவர் இறந்தார், அல்மலெக்ஸியா, சோத்தா சில், விவெக் ஆகிய மூவரும் அதே இதயத்தின் ஆற்றலால் பின்னாளில் கடவுளரானார்கள், வோரின் டாகோத் டாகோத் ஊர் என்ற பெயரில் மலைக்குள் புதைந்து கிடந்து எழுந்தான், பொன்னிற மேனியுடைய கைமர், சாம்பல் தோலும் சிவந்த கண்களும் கொண்ட டன்மர் ஆனார்கள். விடியலுக்கும் அந்திக்கும் உரிய தேவதையான அசூரா, நெரெவர் திரும்பி வருவார் என்று வாக்களித்தாள். அப்படித் திரும்பி வருபவரைத்தான் நெரெவரைன் என்கிறார்கள்.

எல்ஃப்கள் என்றால் காட்டில் வில்லேந்தித் திரிபவர்கள்தானே? இதில் அப்படி யாரையும் காணோமே?

வில்லாளி எல்ஃப்களுக்கு இந்த உலகத்திலும் குறைவில்லை. அவர்கள் பெயர் போஸ்மர். ஆனால் மோரோவிண்டின் கதை டன்மரின் கதை. எரிமலைச் சாம்பல் படிந்த நிலத்தில் வாழ்ந்து, மாபெரும் பூச்சிகளின் முதுகில் பயணம் செய்து, முன்னோர் ஆவிகளை வணங்கி, பக்கத்து நாட்டாரை அடிமைகளாக வைத்திருக்கும் சமூகம் அது. ‘மெர்’ என்று முடியும் இனப்பெயர்கள் எல்லாமே எல்ஃப்களைக் குறிக்கும். குள்ளர்கள் என்று எல்லாரும் அழைக்கும் ட்வெமரும் எல்ஃப்களே. அவர்களைவிடப் பெரிய உருவமுள்ள அரக்கர்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

மறுபிறவியா, அவதாரமா? தமிழில் எந்தச் சொல் பொருந்தும்?

அவதாரம் என்றால் தெய்வம் இறங்கி வருவது. நெரெவர் தெய்வமல்லர்; இறந்துபோன ஒரு மனிதர் என்றே சொல்லலாம், காது மட்டும் கூர்மை. ஆகவே மறுபிறவி என்ற சொல்லே பொருத்தம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் அறிந்த மறுபிறவியில் வினை தொடரும். முன்பிறப்பில் செய்தது இப்பிறப்பில் வந்து பிடித்துக்கொள்ளும். மோரோவிண்டின் நாயகருக்கோ முன்பிறப்பு நினைவு ஒரு துளியும் வருவதில்லை. யாரோ வந்து “நீர்தான் அவர்” என்கிறார்கள். அவர் நடந்துகொண்டே இருக்கிறார். அவ்வளவுதான்.

நாயகர் உண்மையிலேயே நெரெவரின் மறுபிறவிதானா?

மற்ற ஊகங்கள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்தே கிளைப்பதால், இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெரெவரைன் என்பது பிறப்பால் வருவதல்ல, ஏற்று நிறைவேற்றுவதால் வருவது என்ற ஊகமே விளையாட்டில் உள்ள சான்றுகளோடு மிக நன்றாகப் பொருந்துகிறது.

முதல் சான்று, தொடக்கத் திரையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன் ஒரு தீர்க்கதரிசனம் உண்டு, ஆனால் நாயகன் இல்லாமல் நிகழ்வு இல்லை என்ற பொருளில் ஒரு வாசகம் தோன்றுகிறது. அடுத்து அசூராவின் குரல், கைதியைச் சிறையிலிருந்து எடுத்து டன்மரின் நாடான மோரோவிண்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லி, அஞ்ச வேண்டாம், நீ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாய் என்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாய் என்றுதான் சொல்கிறதே தவிர, திரும்பிப் பிறந்திருக்கிறாய் என்று சொல்லவில்லை.

இரண்டாவது, சேய்டா நீன் என்ற சிறு துறைமுகத்தில் கப்பல் நின்றதும் நடப்பது. சுங்க அலுவலகத்தில் வயதான எழுத்தர் ஒருவர் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு தொழிலையும் பிறந்த ராசியையும் கேட்டு எழுதிக்கொள்கிறார். ராசிகள் 13, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தீர்க்கதரிசனமோ, குறிப்பிட்டதொரு நாளில், இன்னாரென்று அறியப்படாத பெற்றோருக்குப் பிறந்தவன் என்கிறது. அலுவலகப் படிவத்தில் நாம் எந்த ராசியைக் குறித்தாலும் அதுவே அந்தக் குறிப்பிட்ட நாளாகிவிடுகிறது! வேறு வழியில்லாமல் விளையாட்டு செய்துகொண்ட வசதி என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் அடுத்த சான்றோடு சேர்த்துப் பார்த்தால் அப்படித் தள்ள மனம் வருவதில்லை.

பால்மோரா நகரில் பேரரசரின் உளவாளியான கையஸ் கோசடேஸிடம் நாயகர் கொண்டுபோய்க் கொடுக்கும் பொட்டலத்தில் சங்கேத மொழியில் ஒரு கடிதம் இருக்கிறது. பிறகு அதன் பொருள் நமக்கே தெரியவருகிறது. இந்த ஆள் உள்ளூர் நம்பிக்கை ஒன்றின் நிபந்தனைகளுக்கு வெளித்தோற்றத்தில் பொருந்துகிறார்; ஆகவே இவர் இயன்றவரை அந்த நிபந்தனைகளை நிறைவேற்றி நெரெவரைன் ஆக வேண்டும் என்பது பேரரசரின் விருப்பம். அரசாங்கக் கோப்பில் மறுபிறவி ஒரு பதவி நியமனம்போல எழுதப்பட்டிருக்கிறது. அதே கடிதம், பேரரசர் அந்தத் தீர்க்கதரிசனத்தில் உண்மை இருப்பதாக நம்புகிறார் என்றும் சொல்கிறது. இந்த இரட்டைத்தன்மையைக் கவனிக்காமல் “எல்லாம் பேரரசின் சதி” என்று முடிப்பவர்கள் கடிதத்தைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று, உர்ஷிலாக்கு என்ற நாடோடிக் குடியின் குறிசொல்லும் மூதாட்டி நிபானி மேசாவின் வாக்கு. அவர் நாயகரைப் பார்த்து, நீ நெரெவரைன் அல்ல, நெரெவரைன் ஆகக்கூடியவர்களுள் ஒருவன் என்கிறார். பிறகு, நெரெவரைன் ஆவதற்கு உனக்குச் சம்மதமா என்று கேட்கிறார். முன்பே முடிவான பிறப்பு என்றால் சம்மதம் கேட்க என்ன இருக்கிறது?

நிபந்தனைகளை நாயகர் எப்படித்தான் நிறைவேற்றுகிறார்?

நேர்வழியிலும், குறுக்கு வழியிலும். ஏழு தரிசனங்கள் என்ற பாடல் ஏழு சோதனைகளைச் சொல்கிறது. நோயும் மூப்பும் அவனைத் தீண்டா என்பது இரண்டாவது. நாயகருக்குக் கோர்ப்ரஸ் என்ற கொடிய தொற்று வந்து, டிவேத் ஃபிர் என்ற பழம் மந்திரவாதி சோதனை முறையில் தயாரித்த மருந்தைக் குடித்த பிறகு, நோயின் கேடுகள் நீங்கி, வேறு நோய் அணுகாத உடலும் மூப்பில்லாத ஆயுளும் மட்டும் மிஞ்சுகின்றன. ஆக, தீர்க்கதரிசனம் பலித்தது ஒரு மருத்துவரின் கைராசியால்.

நான்காவது சோதனையில் மூன்று பெருங்குலங்கள் நாயகரை ஹோர்ட்டேட்டர் என்று அழைக்க வேண்டும். தெல்வானி குலத்தின் தலைவர் கோத்ரென் முடிவு சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டே இருப்பார். அவரைக் கொன்றால்தான் காரியம் நடக்கும். ஹ்லாலு குலத்திலோ கிராசியஸ் க்யூரியோ என்ற உறுப்பினர் கூச்சமே இல்லாமல் ஆயிரம் பொற்காசு கேட்பார்.

நான்கு நாடோடிக் குடிகளும் நெரெவரைன் என ஏற்க வேண்டும் என்ற ஐந்தாவது சோதனையில் வரும் ஒரு காட்சியை நான் மறப்பதற்கில்லை. ஜைனாப் குடியின் தலைவர் கவுஷாத், தமக்கு மணமுடிக்க உயர்குடித் தெல்வானிப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வதாகக் கேலியாகச் சொல்கிறார். அந்தக் குடியின் மூதாட்டியே நாயகரைத் தனியாக அழைத்து, அடிமைச் சந்தையில் ஒரு பெண்ணை வாங்கி, விலையுயர்ந்த சட்டையும் பாவாடையும் காலணியும் அணிவித்து, தெல்வானிச் சீமாட்டிகள் பூசும் பூச்சி வாசனைத் தைலத்தையும் தடவி அழைத்து வரச் சொல்கிறார். அந்த மணம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் வேடம் நம்பும்படியாக இராது. தலைவர் மனம் மகிழ்ந்து, வந்தவரை நெரெவரைன் என்று அறிவிக்கிறார். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் காத்திருந்த வாக்கு ஒன்று, ஒரு குப்பி வாசனைத் தைலத்தால் நிறைவேறிவிடுகிறது.

இதை வைத்து மறுபிறவி பொய் என்று சொல்லிவிடலாம் என்பதல்ல என் வாதம். நிறைவேற்றியவர் யாராக இருந்தாலும் அவரே நெரெவரைன் என்பதை விளையாட்டு மறைக்கவே இல்லை என்கிறேன்.

நெரெவரின் மோதிரம் வேறு யார் அணிந்தாலும் கொன்றுவிடுமே? அது நாயகரைக் கொல்லவில்லையே?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான். ‘நிலவும் விண்மீனும்’ என்ற அந்த மோதிரத்தை நெரெவரைத் தவிர வேறு யாரும் அணிய முடியாதபடி அசூரா மந்திரித்து வைத்திருந்தாள். விடியலிலும் அந்தியிலும் மட்டுமே கதவு திறக்கும் குகைக்குள் அசூராவின் பெருஞ்சிலை ஒன்று அமர்ந்திருக்கும். அதன் கையில் மோதிரம். எடுத்து அணிந்தால் உயிர் போவதில்லை. மாறாக, அசூராவின் குரல் நெரெவர் மீண்டும் பிறந்தான் என்று அழைக்கிறது.

ஆனால் மோதிரத்தை மந்திரித்தவளும் அசூரா, தேர்ந்தெடுத்தவளும் அசூரா, சாட்சி சொல்பவளும் அசூரா. வழக்குத் தொடுத்தவரே நீதிபதியாகவும் அமர்ந்து தீர்ப்பையும் வாசிப்பதுபோல இருக்கிறது. இதயத்தால் கடவுளரான மூவர்மீது அவளுக்குத் தீராத வஞ்சம் உண்டு என்பதையும் நினைவில் கொண்டால், இந்தச் சாட்சியத்தை மட்டும் வைத்து யாரையும் நெரெவர் என்று உறுதிசெய்ய முடியாது.

குகையில் காணும் ஆவிகள் யார்?

தோற்றுப்போன நெரெவரைன்கள். பீக்ஸ்டார், கொனூன் சோடாலா உள்ளிட்ட அறுவர். ஒவ்வொருவரும் தாம் வெற்றி பெறவில்லை என்று சொல்லி, தம்மிடமுள்ள பொருள் ஒன்றைத் தந்து வாழ்த்துவார்கள். பலர் வீழ்வர், ஒருவர் எஞ்சுவார் என்று முடிகிறது ‘அந்நியன்’ என்ற தீர்க்கதரிசனப் பாடல். அந்தப் பலர்தான் இவர்கள். இவர்களுடைய பிறப்பு பொய்யென்றால் அசூராவின் குகையில் இவர்களுக்கு ஏன் இடம்? பிறப்பு மெய்யென்றால் ஏன் தோற்றார்கள்? ஓர் ஆன்மா ஆறு முறை முயன்று ஏழாம் முறை வென்றது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஆறு ஆவிகளும் ஒரே இடத்தில் தனித்தனியாக நின்று பேசுவதை அந்த விளக்கத்தால் விளக்க முடிவதில்லை. 2017இல் வந்த ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்: மோரோவிண்ட்’ சோடாலாவின் கதையைக் காட்டியது. தன்னை நெரெவரைன் என்று அறிவித்துக்கொண்டு படை திரட்டும் பொய்யராக அவர் அதில் வருகிறார். ஆக, அறுவரும் ஒரே தரத்தவர் அல்லர்.

தீர்க்கதரிசனத்தைத் தொடாமலே கதையை முடிக்க முடியும் என்பது உண்மையா?

உண்மை. கதைக்குத் தேவையான ஒருவரைக் கொன்றுவிட்டால், தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்துவிட்டது, பழைய சேமிப்புக்குத் திரும்பி விதியின் நெசவைச் சரிசெய்துகொள், அல்லது நீயே உண்டாக்கிய இந்த அழிவுலகில் தொடர்ந்து இரு என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். முதல் முறை அது என் திரையில் வந்தபோது, சினத்தில் செய்த ஒரு கொலைக்காக மூன்று மணி நேர ஆட்டத்தைத் திரும்ப ஆடினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த அழிவுலகிலும் ஒரு வழி இருக்கிறது என்று. விவெக்கையே கொன்று, இதயத்தின் கருவிகளைக் கையாளத் தேவையான, அவரிடமிருக்கும் கையுறையை எடுத்துக்கொண்டு, டிவேத் ஃபிர்ரின் கோபுரத்துக்கு அடியில் நோயோடு கிடக்கும் கடைசி ட்வெமரான யாக்ரம் பகார்னிடம் கொண்டுபோனால், அவர் அதை ஒருவாறு இயங்கச் செய்து தருவார். அணிந்தால் உயிராற்றல் நிரந்தரமாகக் குறையும். ஆனாலும் சிவப்பு மலைக்குள் போய் இதயத்தின் மந்திரக் கட்டை உடைத்து டாகோத் ஊரை ஒழிக்கலாம். மோதிரமும் வேண்டாம், பட்டங்களும் வேண்டாம்.

விளையாட்டின் வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே இந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நெரெவரைன் ஆகாமலே நெரெவரைனின் வேலையைச் செய்ய முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

டாகோத் ஊர் என்ன நினைக்கிறான்?

அவனுக்கும் ஐயம்தான். பழைய நண்பனை வரவேற்பதுபோல் அழைப்பு அனுப்புகிறான். கடைசிச் சந்திப்பில், வாளை எடுப்பதற்கு முன், நீ மெய்யாகவே மீண்டும் பிறந்த நெரெவர்தானா என்று நேரடியாகக் கேட்கிறான். ஆம், இல்லை, தெரியாது என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எந்த விடைக்கும் சண்டை நிற்பதில்லை. கதை முழுவதிலும் இந்தக் கேள்வியை நம்மிடம் நேர்மையாகக் கேட்பவன் அவன் ஒருவன்தான் என்று தோன்றுகிறது.

நெரெவரைக் கொன்றது யார்?

மூவரின் கோயில் சொல்வது: போரில் பட்ட காயங்களால் இறந்தார். நாடோடிக் குடிகள் சொல்வது: மனைவியும் இரு ஆலோசகர்களும் சேர்ந்து கொன்றார்கள். நெரெவரின் கேடயத் தோழர் அலாந்த்ரோ சூல் போருக்குப் பின் நாடோடிகளோடு வாழ்ந்து சொல்லிச் சென்ற கதை இது. கோயிலிலிருந்து பிரிந்த அர்ச்சகர்கள் ஒளித்து வைத்திருந்த ஏடு மேலும் விவரம் தருகிறது. இதயத்தின் கருவிகளை என்ன செய்வதென்று கேட்பதற்காக நெரெவர் அசூராவை அழைக்கும் சடங்கைத் தொடங்க, நஞ்சு கலந்த மெழுகுத்திரிகளையும் நஞ்சூட்டிய ஆடைகளையும் நஞ்சான மந்திரங்களையும் கொண்டு மூவரும் அவரைக் கொன்றார்கள் என்கிறது அது.

இங்கே ரசிகர்களின் உழைப்பை மெச்சத்தான் வேண்டும். விவெக் தன்னைத்தானே புகழ்ந்து எழுதிய 36 உபதேசங்கள் விளையாட்டு முழுவதும் தனித்தனி நூல்களாகச் சிதறிக் கிடக்கின்றன. எழுதியவர் மைக்கேல் கிர்க்பிரைடு. படித்தால் தலை சுற்றும் நடை. ஆனால் 36ஆம் உபதேசத்தின் ஒவ்வொரு பத்தியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழாகக் கோத்தால், ஆங்கிலத்தில் ‘கொடுங்கொலை’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. 29ஆம் உபதேசத்தில் வரும் எண்களைத் திறவுகோலாக வைத்து மற்ற உபதேசங்களிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினால், அவன் கடவுளாகப் பிறக்கவில்லை, விதி அவனை இக்குற்றத்துக்கு இட்டுச் செல்லவில்லை, தன் விருப்பத்தாலேயே இவ்வழியைத் தேர்ந்தான், கடவுள்தன்மையைத் திருடி ஹோர்ட்டேட்டரைக் கொன்றான், இதை எழுதியவன் விவெக் என்ற வாக்குமூலம் வெளிப்படுகிறது. சித்திரகவி பாடிய புலவர்களின் மொழியில் வளர்ந்த நமக்கு இந்த வித்தை புதிதல்ல. ஆனால் கொலையாளி தன் வாக்குமூலத்தைத் துதிநூலுக்குள் ஒளித்து வைப்பது புதிது.

விவெக் பொய் சொல்லப் பழகியவர் என்பதால் இந்த வாக்குமூலமும் பொய்யாக இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் புகழுக்காகப் பொய் சொல்பவன், தன்னைத் தூற்றும் ஒன்றை யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் எழுதி வைக்க என்ன காரணம்? நான் கொலை என்ற தரப்பில்தான் நிற்கிறேன்.

காலமே உடைந்ததால் எல்லாக் கதைகளும் உண்மை என்கிறார்களே?

‘டிராகன் உடைவு’ என்ற கருத்து அது. காலக் கடவுள் உடையும்போது ஒன்றுக்கொன்று முரணான நிகழ்வுகள் எல்லாமே நடந்தவையாகிவிடும். இதே வரிசையில் 1996இல் வந்த டாகர்ஃபாலுக்குப் பல முடிவுகள் இருந்ததால், அவை அனைத்தும் நடந்தன என்று சொல்லிச் சமாளிக்க இந்த உலகில் இது அதிகாரபூர்வமாகவே பயன்பட்டது. அதையே சிவப்பு மலைக்கும் நீட்டி, நெரெவர் காயத்தாலும் இறந்தார், நஞ்சாலும் இறந்தார் என்பார்கள் சிலர். எனக்கு இதில் உடன்பாடில்லை. கொலை வழக்கில் சாட்சிகள் முரண்பட்டால் யாரோ பொய் சொல்கிறார் என்று நினைப்பதுதான் இயல்பு. காலம் உடைந்தது என்று நினைத்தால் மிகவும் மகிழ்பவர்கள் குற்றவாளிகளாகத்தான் இருப்பார்கள்.

நாயகர் நெரெவரல்ல, லோர்கானின் வடிவம் என்ற ஊகம் ஏற்கத்தக்கதா?

லோர்கானை மனித இனங்கள் ஷெசார் என்றும் அழைக்கின்றன. உலகைப் படைக்கச் சொல்லித் தேவர்களை ஏமாற்றித் தம் முன்னோரின் சாகாநிலையைப் பறித்தவன் என்று எல்ஃப்களில் பெரும்பாலோர் அவனை வெறுக்கிறார்கள். மனிதர்களுக்கோ அவன் கொடையாளி. மனிதர்களுக்காகப் போரிட அவன் அவ்வப்போது திரும்பி வருவதாகவும், எல்ஃப்களைக் கொன்று குவித்த பெலினால் அப்படி வந்தவன் என்றும் ரசிகர்கள் கருதுகிறார்கள். அந்த வரிசையில் எல்லா விளையாட்டு நாயகர்களையும் சேர்த்துவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. மோரோவிண்டின் நாயகர் லோர்கானின் இதயத்தை நாடிச் செல்வது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அவர் அதைத் தேடிப் போவது அதன்மேல் போட்ட கட்டை அவிழ்க்கவே; மூன்று எல்ஃப் கடவுளர் ஆற்றலிழப்பது அதன் விளைவு. அழகான ஊகம்தான், ஆனால் எந்த நாயகருக்கும் பொருந்தும்படி தைத்த சட்டை யாருக்கும் அளவாக இராது.

எல்லா விளையாட்டிலும் நாயகர் கைதியாகத் தொடங்குவதில் பொருள் உண்டா?

எல்லாவற்றிலும் அல்ல, டாகர்ஃபாலில் பேரரசரின் தூதராகத்தான் தொடங்குகிறோம். அரீனா, மோரோவிண்ட், ஆப்ளிவியன், ஸ்கைரிம் ஆகியவற்றில் கைதி. கைதிகள் அனைவரும் ஒரே ஆன்மா என்ற ஊகத்துக்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் கைதி என்ற நிலைக்கே ஒரு பொருள் உண்டு என்பதைத் தயாரிப்பாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள்: 2017இல் வந்த ‘கடிகார நகரம்’ பகுதியில் சோத்தா சில், தான் சிறைப்பட்டிருப்பதை உணர்கிற கைதிக்கே சிறைக்கு வெளியே இருப்பதைக் காண முடியும் என்ற தொனியில் பேசுகிறார். எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று நம்பும் கடவுள், எதிரே நிற்கும் கைதியை மட்டும் விதிவிலக்காகப் பார்க்கும் அந்த உரையாடல் தேடிப் படிக்கத்தக்கது.

‘மேன்ட்லிங்’ என்றால் என்ன?

இன்னொருவராக நடந்து நடந்து, உலகம் நம்மையும் அவரையும் வேறுபடுத்த முடியாத நிலைக்கு வந்து, அவராகவே ஆகிவிடுவது. வேடம் கட்டியவர் மேலேயே சாமி வந்து, மலையேறாமல் நிரந்தரமாகத் தங்கிவிடுவதுபோல. கிர்க்பிரைடு விளையாட்டுக்கு வெளியே எழுதியவற்றிலிருந்து இது பரவியது. ஆகவே இதைச் சட்டமாகக் கொள்ள முடியாது என்பார் சிலர். ஆனால் ஆப்ளிவியனுக்கு 2007இல் வந்த ‘ஷிவரிங் ஐல்ஸ்’ விரிவாக்கத்தில் அந்த விளையாட்டின் நாயகர் ஷியோகோராத் என்ற பித்தின் தெய்வத்தின் இடத்தை ஏற்கிறார். 2011இல் ஸ்கைரிமில் அதே தெய்வம் பழைய நாயகரின் நினைவுகளோடு பேசுகிறது. நிபானி மேசாவின் வாக்கை இதோடு சேர்த்துப் படித்தால், மோரோவிண்டின் நாயகர் நெரெவராகப் பிறக்கவில்லை, நெரெவராக நடந்து நெரெவரானார் என்று வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஊகம் இதுதான்.

நாயகர் எல்ஃபாகவே இல்லாவிட்டால்?

விளையாடுவதற்கு 10 இனங்கள் உண்டு. ஆண், பெண் யாராகவும் இருக்கலாம். எந்த நாயகர் மெய்யானவர் என்று பின்வந்த எந்த விளையாட்டும் சொல்லவில்லை. இதில் சுவையான சிக்கல் ஆர்கோனியர்களால் வருகிறது. பல்லி உருவமுள்ள அவர்களுடைய ஆன்மாக்கள் இறந்தபின் ஹிஸ்ட் என்ற மரங்களுக்குத் திரும்பி, மீண்டும் அங்கிருந்தே பிறக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியென்றால் ஒரு கைமரின் ஆன்மா அங்கே எப்படி நுழைந்தது? பிறப்புத் தரப்பாரிடம் இதற்கு நல்ல விடை கிடையாது. டன்மர் தலைமுறை தலைமுறையாக அடிமைப்படுத்திய இனத்தில் ஒருவரை அவர்களே தங்கள் தலைவரின் மறுபிறவி என்று வணங்க நேர்வதை நினைத்தே பலர் ஆர்கோனியராக விளையாடுகிறார்கள்.

ட்வெமர் எங்கே போனார்கள்?

காக்ரெனாக் இதயத்தைத் தம் கருவிகளால் தாக்கிய நொடியில் இனமே மறைந்தது. வேற்றுலகம் ஒன்றுக்குப் போயிருந்த யாக்ரம் பகார்ன் மட்டும் திரும்பி வந்து, ஒருவரையும் காணாமல் திகைத்தார். பித்தளைக் கடவுளின் உடலோடு கலந்துவிட்டார்கள் என்பது ஓர் ஊகம். தாங்கள் இல்லை என்று நிறுவிக்கொண்டதால் இல்லாமலே போனார்கள் என்பது மற்றொன்று. ஸ்கைரிமில் ஆர்னியல் கேன் என்ற ஆய்வாளர் அதே கருவிகளுள் ஒன்றான கீனிங்கைக் கொண்டு அந்தச் செயலைச் சிறிய அளவில் செய்துபார்த்து, நம் கண் முன்னாலேயே மறைந்துவிடுகிறார். காரணம் அப்போதும் விளக்கப்படவில்லை.

ஸெல்டா என்ற வேறொரு விளையாட்டு வரிசையின் நாயகன் லிங்க்கும் மறுபிறவி நாயகர்தானே?

பாதி ஒப்புமைதான். லிங்க்கின் இனத்தாருக்குக் கூரிய காதுகள் உண்டு என்றாலும் அவர்கள் எல்ஃப்கள் அல்லர், ஹைலியர்கள். 2011இல் வந்த ‘ஸ்கைவர்ட் சோர்ட்’ முடிவில் டிமைஸ் என்ற அரக்கன் இடும் சாபத்தால், பகையும் அதை எதிர்க்கும் நாயகனும் திரும்பத் திரும்பத் தோன்றுகிறார்கள். ஆனால் லிங்க்கிடம் யாரும் நீ மெய்யாகவே அவன்தானா என்று கேட்பதில்லை.

கதைக்குப் பிறகு நெரெவரைன் என்ன ஆனார்?

2006இல் வந்த ஆப்ளிவியனில் ஒரு வதந்தி காதில் விழும்: அவர் அகாவிர் கண்டத்துக்குப் பயணம் போனார், அதன்பின் தகவல் இல்லை. அவ்வளவே. மூப்பு இல்லாதவர் என்பதால் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும் என்பது ரசிகர்களின் கணக்கு. அவர் இல்லாத காலத்தில், நான்காம் யுகத்தின் 5ஆம் ஆண்டில், விவெக்கின் ஆற்றலால் அவர் பெயர் கொண்ட நகரத்தின் மேல் மிதந்து நின்ற பாறை விழுந்து சிவப்பு மலை வெடித்து, அவர் காத்த நிலம் சாம்பலானது.

இவற்றையெல்லாம் விளையாட்டுக்குள் எங்கே படிக்கத் தொடங்குவது?

நிபானி மேசாவிடம் எல்லாத் தலைப்புகளையும் கேட்டுவிடுங்கள். அவசரப்பட்டு வெளியேறினால் பாதி போய்விடும். அடுத்து, பிரிந்த அர்ச்சகர்கள் காக்கும் ஏட்டையும் விவெக்கின் சொந்தக் கூற்றையும் அடுத்தடுத்துப் படியுங்கள். 36 உபதேசங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.